நிழலில் காய்ந்த துணி

அத்தியாயம் 4

அந்த வீட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முகவரி தேவைப்படவில்லை. தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். கூரைக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு கம்பிவலை டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்திருந்தது. தெருவில் அந்த வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குடைக்காரர் என்று எழுதிப் போட்டால் தபால்கூடச் சரியாகப் போய்ச் சேரும்.

"இதைக் கவுத்துப் போட்டா ஒரு குடும்பமே உள்ள குடித்தனம் நடத்தலாம் மேடம். வாடகைகூடக் கேக்கலாம்," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் சிரிப்பார். அது எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லமாட்டார்.

மேடம் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். இருபத்திரண்டு வருடம் பொய்யாகவே கேட்டுப் பழகியதால், யாராவது உண்மை பேசினால் கொஞ்சம் தடுமாறிப்போவார். நான் அவருடைய உதவியாள், வண்டியோட்டி, மூட்டை தூக்கி எல்லாம். அதற்கு முன்னால் பதினோரு வருடம் கேபிள் டிவிக்காரன். மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி டிஷ் மாட்டிய பழக்கத்தில் இன்றும் பதினொன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்று என் பெல்ட்டில் தொங்கும். அதனால் மேடம் எனக்கு ஸ்பானர் என்று பெயர் வைத்துவிட்டார். அப்பா அம்மா வைத்த பெயரை நானே மெல்ல மறந்துகொண்டு வருகிறேன்.

காலையில் குடைக்காரரே எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்ததால் கறுப்புக் கண்ணாடி. நாற்காலியில் உட்காராமலே புகாரைச் சொன்னார். ஒன்றாம் தேதியிலிருந்து நாலு நாளாக யாரோ அவருடைய டிஷ்ஷைக் கெடுக்கிறார்கள். முதல் நாள் மோட்டார் ஒயர் கழன்று தொங்க, டிஷ் வேறு பக்கம் பார்த்தபடி திரும்பாமல் நின்றது. இரண்டாம் நாள் டிஷ்ஷைத் திருப்பும் தண்டின் கவ்வி தளர்ந்து, முகம் இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தது. மூன்றாம் நாள் ஒரு சின்னப் பெட்டிக்குக் கரண்ட் வரவில்லை. நாலாம் நாள் மறுபடியும் மோட்டார் ஒயர். தினமும் அவரே உட்கார்ந்து சரி செய்துவிடுகிறார். ஆனால் நாலு மணிக்குள் முடிவதில்லை. நாலு மணி தாண்டிய பிறகு அது வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு அப்படி என்ன என்று மேடம் கேட்டார்.

"என் பொண்ணு," என்றார்.

அந்தப் பெண்ணைப் பற்றி மீதியை மதியம் இரண்டரை மணிக்கு, அவர் வீட்டுப் பின்கட்டில், டிஷ்ஷைத் தாங்கும் தூணில் கை வைத்தபடி சொன்னார். ஒரே மகள். செய்தி சேனல் ஒன்றின் வெளிநாட்டு நிருபர். வெள்ளமும் சண்டையும் நடக்கிற இடமாகப் பார்த்து அனுப்பிவைப்பார்கள். தினமும் நாலு மணிக்கு அவள் நிற்கும் இடத்திலிருந்து படம் செயற்கைக்கோள் வழியாகச் சேனலுக்கு வரும். அதை வெட்டி ஒட்டி டிவியில் போடுவது ஒன்றரை நிமிடம். வெட்டாத படமோ பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் ஓடும். பெரிய டிஷ்ஷும், எந்த அலைவரிசை எண்ணில் தேடவேண்டும் என்ற அறிவும் இருந்தால் அதை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். குடைக்காரரிடம் இரண்டும் இருந்தன. டிவி நிலையத்தில் படத்தை வானத்துக்கு அனுப்பும் என்ஜினியராக முப்பது வருடம் இருந்தவர் அவர்.

"டிவியில வர்றது ஊருக்கெல்லாம் நிருபருங்க. இதுல வர்றவதான் என் பொண்ணு. காத்துல முடி பறந்தா எரிச்சல்படுவா. கேமராக்காரர்கிட்ட தண்ணி வாங்கிக் குடிப்பா. நிக்க வெச்சுட்டாங்கன்னு கொட்டாவி விடுவா. சின்ன வயசுல எப்படி விடுவாளோ அப்படியே."

மகளிடம் போனில் பேசக்கூடாதா என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மேடம் என் காலை மிதித்தார். மிதிப்பதில் அவருக்குத் தனித் திறமை உண்டு.

மூன்று வருடமாக மகள் அவரோடு பேசுவதில்லை. காரணத்தை அவர் மறைக்கவில்லை. அவள் போன முதல் இடத்திலேயே பக்கத்தில் குண்டு விழுந்தது. இவர் பயந்துபோய், சேனல் தலைவராக இருந்த தன் பழைய ஜூனியருக்குப் போன் போட்டு, பெண்ணை வெளியே அனுப்பாமல் மேஜை வேலையில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டார். அவரும் செய்தார். தனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்து எட்டு மாதம் மனம் உடைந்து கிடந்தாள் அந்தப் பெண். பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, தன் துணிகளை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

"நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பா. சண்டைன்னா ஒரு நாள் முடிஞ்சு போகும். நான் அவ முதுகுக்குப் பின்னால பண்ணேன்," என்றார் அவர்.

போன மாதம் கடைசி நாள் பார்த்தபோது மகள் ஆறு தடவை இருமினாளாம். எண்ணி வைத்திருந்தார். மனைவி வாரம் ஒருமுறை அவளோடு போனில் பேசுகிறார்தான். இருமலைப் பற்றிக் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளாம். போனில் இருமலை அடக்கிக்கொள்ளலாம், பன்னிரண்டு நிமிடம் நின்றுகொண்டே அடக்கமுடியாது என்பது இவருடைய கணக்கு. இருமல் நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் நாலு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்தில் ஜோக் எதுவும் வரவில்லை.

பேச்சை மாற்ற நான் சாமான்களைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தது. டிஷ் முப்பது வருடப் பழசு, நிலையத்தில் கழித்துக்கட்டியது. அதைத் திருப்பும் மோட்டார் இருபது வருடம். வீட்டுக்குள் மோட்டாரை இயக்கும் பெட்டி அதைவிடக் கிழம். சிவப்பு எண் மின்னும். சிக்னலைப் பிடிக்கும் தலையும் ரிசீவரும் போன வருடம் வாங்கியவை. ரிசீவர் பேசுவது மோட்டாருக்குப் புரியாது, மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் ரிசீவரிடம் கிடையாது. நடுவில் மொழிபெயர்க்க அவரே ஒரு சின்னப் பெட்டி செய்து வைத்திருந்தார்.

"ஒரே வீட்டுல மூணு தலைமுறை. பேச்சுவார்த்தை கிடையாது. தூது போக ஒரு குட்டிப் பெட்டி," என்று மேடத்தின் காதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் நின்று சொல்லியிருக்கக்கூடாது.

மேடம் அதைக் காதில் வாங்காமல், தினமும் எத்தனை மணிக்குக் கெடுகிறது என்று அவரிடம் கேட்டார். மூன்று மணி வரைக்கும் நன்றாக இருக்குமாம். மூன்றரைக்கு வந்து பார்த்தால் போயிருக்குமாம். நடுவில் எங்கே போவீர்கள் என்று மேடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவருடைய மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார். மெலிந்த உருவம், ஈரக்கையைத் துடைத்தபடி.

"மூணாச்சுங்க. மருந்து போடணும்."

கண்ணுக்குச் சொட்டு மருந்து. போட்டபின் அரைமணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. குடைக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து உள்ளே போனார். போகும்போது எங்களைப் பார்த்து, இன்று ஒருநாள் மட்டும் எப்படியாவது காவல் காத்துவிடுங்கள் என்றார்.

சந்தேகப்பட ஒரே ஆள்தான் இருந்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. டிஷ் வைத்த முதல் வாரமே, பிற்பகல் வெயிலை அது மறைக்கிறது என்று வாசலில் நின்று சண்டை போட்டவர். அவருடைய மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் டிஷ்ஷும் பின்கட்டும் முழுதாகத் தெரியும், காவலும் ஆச்சு விசாரணையும் ஆச்சு என்று மேடம் சொன்னதால் மாடியேறினோம்.

தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார். வாயில் இரண்டு ஊசி வேறு. சண்டை போட்டது உண்மைதான், மறுநாளே குடைக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டதும் உண்மைதான். பிறகு எதற்கு அந்தப் பேச்சு என்றார்.

"எனக்குக் கோவம் வந்தா தெருவுக்கே தெரியும் மேடம். ஒளிஞ்சு போய் ஒயர் புடுங்கற அளவுக்குப் பொறுமை கிடையாது."

அது பொய்யில்லை என்று மேடத்தின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. லேசாகத் தடுமாறினார். தையல்காரம்மா ஊசிகளை எடுத்து ஜாக்கெட் தோளில் குத்திவைத்துவிட்டுச் சொன்னார். குடைக்குப் பின்னாலிருக்கும் இடத்தில் இப்போது தன்னைவிட அந்த வீட்டுக்காரம்மாவுக்குத்தான் அக்கறை. நாலு நாளாக மூன்று மணியானால் அங்கே போய்த்தான் துணி காயப்போடுகிறார். பொட்டு வெயில் படாத இடம். துணி காயாது, வாடை அடிக்கும் என்று இவரே ஜன்னலிலிருந்து சொல்லியும் பார்த்தாராம். சிரித்துவிட்டு அங்கேயேதான் காயப்போட்டாராம்.

மேடம் ஜன்னலோரம் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். பத்தடிக் குடை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நின்றது. அதன் விளிம்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியும், இரண்டு பாதங்களும், கொடியில் தொங்கிய ஒரு போர்வையின் ஓரமும் தெரிந்தன. பாதங்கள் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றன. பிறகு நகர்ந்தன. நான் அதற்குள் தையல்காரம்மாவிடம் என் பேன்ட் ஜிப் ரிப்பேர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். துப்பறியும் உதவியாளன் என்று அச்சடித்த கார்டு வேறு பாக்கெட்டில் இருந்தது.

மூன்று இருபத்தைந்துக்குத் திரும்பினோம். குடைக்காரர் அரைமணி முடியும்வரை பொறுக்காமல் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவர் முன்னால் நின்றிருந்தார். சிக்னல் பூஜ்யம். நாங்கள் இரண்டு பேர் காவல் இருந்தும் கெட்டுப்போயிருந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. மணியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

நான் பின்கட்டுக்கு ஓடினேன். தூணில் நெஞ்சுயரத்தில், டிஷ்ஷிலிருந்து வரும் புதுக் கேபிளும் வீட்டுக்குள் போகும் பழைய கேபிளும் சேரும் இடம் ஒன்று உண்டு. அங்கே இணைப்பு கழன்றிருந்தது. அவசரத்தில் இழுத்ததில் பழைய கேபிளின் நுனி முறிந்திருந்தது. ஆனால் என்னை நிற்கவைத்தது அது இல்லை. கழன்ற இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறை போட்டு, முறுக்கி, முறுக்கியதை மடித்து, மேலே ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது.

"மேடம், நம்ம ஆளு ரொம்ப நல்லவன். கழட்டிட்டுச் சும்மா போகல. மழை வந்தா தண்ணி இறங்கிடுமேன்னு பொட்டலம் கட்டிட்டுப் போயிருக்கான்."

மேடம் ரப்பர் பேண்டைக் கையில் வாங்கினார். கட்டியிருந்த விதத்தை ஒருமுறை கூர்ந்து பார்த்தார். கெடுக்க வந்தவருக்கு அந்தப் பொருள் கெட்டுப்போகக்கூடாது என்றும் இருக்கிறது, அப்படிப்பட்டவர் எத்தனை பேர் இருக்கமுடியும் என்று முணுமுணுத்தார். சரிபண்ண எவ்வளவு நேரமாகும் என்றார். இருபது நிமிடம் என்றேன்.

"முதல்ல அதை முடி. நான் போய் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

இது மேடத்தின் பழைய வழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கேட்பார். கொண்டுவர விடமாட்டார். தானே சமையலறைக்குள் போய் எடுத்துக் குடிப்பார். ஹாலில் எல்லாரும் பொய் சொல்லலாம், சமையலறையில் அலமாரி பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

நான் வேலையில் இறங்கினேன். பழைய கேபிள் தடி, புதுக் கனெக்டர் ஒல்லி. உள்ளே நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. மேல்தோலைச் சீவி, வலையைப் பின்னுக்கு மடித்து, கெஞ்சி மிரட்டி உள்ளே தள்ளி அழுத்தினேன். கழன்ற இணைப்பை முறுக்கியதோடு விட்டிருந்தால் போதும். எனக்குத்தான் வேலைத்திமிர். டிஷ்ஷின் சாய்வு ஒரு மயிரிழை தவறியிருப்பது கண்ணில் பட்டது. அந்தச் செயற்கைக்கோளில் நாள் முழுக்க ஓடும் ஒரு பாட்டுச் சேனலை வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து குடைக்காரர் திரையில் காட்டும் சிக்னல் அளவைச் சொல்லச் சொல்ல, போல்ட்டை இம்மி இம்மியாகத் திருகினேன். எழுபத்தொன்று. எழுபத்தாறு. எண்பத்திரண்டு. இதுவரைக்கும் எழுபத்தைந்தைத் தாண்டியதே இல்லை என்று அவர் ஜன்னலிலிருந்து சொன்னார். குரலில் அத்தனை சந்தோஷம். பதினோரு வருடத்தில் யாருக்கும் இவ்வளவு சுத்தமான சிக்னல் நான் கொடுத்ததில்லை.

மூன்று ஐம்பதுக்கு மேடம் சமையலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே போனதும் அலமாரியைத்தான் பார்த்தேன். பருப்பு, சர்க்கரை, மிளகு என்று பிரித்த பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் முறுக்கி, முறுக்கியதை மடித்து, இரண்டு சுற்று ரப்பர் பேண்ட். மேடை மேல் நான் கழற்றிய ரப்பர் பேண்ட் கிடந்தது. குடைக்காரரின் மனைவி தொட்டியில் சாய்ந்து நின்றிருந்தார். அழுது முடித்த முகம். மேடத்தின் முகம் அதைவிட மோசமாக இருந்தது.

"இவனும் கேக்கட்டும்மா. இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் மேடம்.

அந்தம்மா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்பா தினமும் நாலு மணிக்கு உன்னைப் பாக்கறாருடின்னு நான்தான் போன்ல சொன்னேன். அவர் எப்படித் தவிக்கறார்னு தெரிஞ்சா மனசு இளகும்னு நினைச்சேன்.  அவளோ, அவர் பாக்கறார்னு தெரிஞ்சா என்னால அங்க நிக்க முடியாதும்மா, ஒண்ணாந்தேதியிலேர்ந்து அந்தப் படத்துக்குப் பூட்டுப் போடச் சொல்லிடறேன்னா."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அந்தப் படத்தை வெளியார் யாரும் பார்க்க முடியாமல் சேனல்காரர்களே பூட்டிவிடலாம். சங்கேதம் தெரிந்த ரிசீவரில் மட்டும் தெரியும். மற்றவர்களுக்குச் சிக்னல் வரும், படம் வராது. பத்தடி என்ன, நூறடி டிஷ் வைத்தாலும் வராது.

ஒன்றாம் தேதியிலிருந்து மகள் கதவைச் சாத்திவிட்டாள். அதே ஒன்றாம் தேதியிலிருந்து தாய் மூன்று மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு குடைக்குப் பின்னால் போயிருக்கிறார்.

"ஒயர் போனா அவர் சரிபண்ணிடுவார். நாளைக்குப் பாத்துக்கலாம்னு தூங்குவார். இதை அவர் எப்படிச் சரிபண்ணுவார், சொல்லுங்க."

 மேடம் என் பக்கம் திரும்பினார். மாடி ஜன்னலிலேயே யார் என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்றும், ஏன் என்று தெரிவதற்குள் என்னைச் சரிபண்ணச் சொன்னது தன் தப்பு என்றும் சொன்னார். தன் தப்பு என்று மேடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போய் கழட்டிடு ஸ்பானர்."

மணி மூன்று ஐம்பத்தாறு. பின்கட்டுக்கு ஓடிப்போய் இணைப்பில் ஸ்பானரை வைத்தேன். நானே முறுக்கியது, அத்தனை சுலபத்தில் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தும்போது ஜன்னலிலிருந்து அவர் குரல் வந்தது.

"தம்பி, வந்துடுச்சு. எண்பத்திரண்டு. ரெண்டு நிமிஷம் முன்னாடியே அனுப்பிட்டாங்க. உள்ள வாங்க, என் பொண்ணைப் பாருங்க."

ஸ்பானரை எடுத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிடுகிறவரின் கண் முன்னால் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. கழற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளே போனபோது அவர் ரிமோட்டோடு திரைக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றிருந்தார். திரை கறுப்பு. நடுவில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். கீழே பச்சைப் பட்டை, பக்கத்தில் எண்பத்திரண்டு. ரிசீவர்தான் ஏதோ தகராறு செய்கிறது என்று சொல்லிக்கொண்டே மெனுவுக்குள் போனார். அலைவரிசை எண்ணை அழித்து மறுபடி போட்டார். ரிசீவரை அணைத்து மறுபடி போட்டார். புதுசு வாங்கினால் இதுதான் தொல்லை என்றார். ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. மேடமும் நானும் சுவரோடு சுவராக நின்றோம். அந்த நாலு நிமிடம் போல ஒரு நாலு நிமிடம் எனக்கு வாழ்க்கையில் வேண்டாம்.

பிறகு அவர் கை நின்றது. முப்பது வருடம் படத்தை வானத்துக்கு அனுப்பியவர். பூட்டு எப்படிப் போடுவது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். ரிமோட்டை மேஜை மேல் வைத்தார்.

"இது தானா விழாது. யாராவது கேட்டாத்தான் போடுவாங்க," என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. திரையைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு மெல்லத் திரும்பினார். வாசற்படியில் அவர் மனைவி நின்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியும்," என்றார் குடைக்காரர்.

அந்தம்மா தலையசைத்தார். குடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஒயரும், கவ்வியும், குட்டிப் பெட்டியும் ஒவ்வொன்றாக மனதில் ஓடியிருக்க வேண்டும். கோபப்படுவார் என்று பயந்தேன். கோபம் வரவில்லை. எந்த ஒயர் என்று எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். முப்பத்தாறு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேனே என்றார் அந்தம்மா.

"என்ன சொன்னா? அவ சொன்னதை அப்படியே சொல்லு."

அந்தம்மா சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் என்னால் அங்கே நிற்க முடியாது. கேட்டதும் குடைக்காரர் பின்னுக்கு நகர்ந்து, நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அந்தம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கை வைத்தார்.

நாங்கள் கிளம்புவதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தோம். மேடம் ஒரு அடி முன்னால் வந்து, தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தார். குடைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க. பேசிக்கிட்டிருக்கா."

திரையில் ஒன்றும் இல்லை. எண்பத்திரண்டு என்ற எண் மட்டும் இருந்தது. அந்த எண் இருக்கிறது என்றால் எங்கோ ஒரு ஊரில் அவள் கேமரா முன்னால் நிற்கிறாள் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு தகவலும் அந்த எண்ணில் கிடையாது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை எண்பத்தொன்றுக்கு இறங்கி மறுபடி ஏறியது. அவர் முன்னால் குனிந்து, மறுபடி சாய்ந்துகொண்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  

நாலு பதினொன்றுக்கு எண் பூஜ்யமானது.

"முடிச்சுட்டா," என்றார்.

 பிறகு அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். மோட்டாரை இயக்கும் கிழட்டுப் பெட்டி அங்கேதான் இருந்தது. சிவப்பு எழுத்தில் நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. மகளின் படம் வரும் செயற்கைக்கோளுக்கு டிஷ் திரும்பி நிற்கும் எண் அது. என்னங்க பண்றீங்க என்று அந்தம்மா கேட்டார்.

"ஒரு பிள்ளையை நிக்க முடியாமப் பண்ணிட்டு, நான் தினமும் இங்க உக்காந்து பாத்திருக்கேன்," என்றார். குரல் உடைந்தது. ஆனால் முடிக்காமல் விடவில்லை. "அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

டிஷ்ஷை வேறு பக்கம் திருப்ப வேண்டாம், எப்படியும் பூட்டியாகிவிட்டதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொன்னேன். தினமும் நாலு மணிக்கு அந்த எண்ணையாவது பார்க்கலாமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையும்தான் பார்க்கக்கூடாது என்றார் அவர்.

பெட்டியில் இடப்பக்கப் பொத்தானை அழுத்தினார். வெளியே மோட்டார் முனகியது. ஜன்னலுக்கு அப்பால் பத்தடிக் குடை நடுங்கி, மெல்ல முகத்தைத் திருப்ப ஆரம்பித்தது. நானூற்றுப் பத்து, நானூற்று ஐந்து, முந்நூற்றுத் தொண்ணூறு. மறுகோடி வரைக்கும் போய்ச்சேர இரண்டு நிமிடம் ஆகும். பழைய காலத்துப் பெட்டி அது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் டிஷ் அங்கேயே நின்றுவிடும். அவர் விரலை எடுக்கவில்லை.